ரஹீம் வாத்தியார்

வயல் வேலை, கட்டட வேலை, கடை வேலை எல்லாம் முடித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். களைப்பாக இருக்கும். நீட்டி முழக்க மாட்டேன்.

இன்று ஒரு பந்தாட்டக்காரரைப் பற்றிப் பேசப் போகிறேன். "பந்தாட்டக் கதை எங்களுக்கு எதற்கு?" என்று அம்மாக்கள் சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள். இது பந்தின் கதை மட்டும் அல்ல, ஒரு வாத்தியாரின் கதையும்கூட. நாமும் இங்கே படிக்கத்தானே வந்திருக்கிறோம்!

அவர் பெயர் சையத் அப்துல் ரஹீம். ஊர் ஹைதராபாத். 1909ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17ஆம் தேதி பிறந்தவர். அப்போது ஹைதராபாத் நிஜாமின் ஆட்சியில் இருந்தது. அங்கே உஸ்மானியா பல்கலைக்கழகம் என்று ஒன்று உண்டு. 1918இல் தொடங்கியது. அந்தக் காலத்தில் கல்லூரிப் படிப்பு என்றால் பெரும்பாலும் ஆங்கிலம்தான். உஸ்மானியாவில் உருது மொழியில் பாடம் நடத்தினார்கள். உருது மொழியில் பாடம் நடத்திய முதல் பல்கலைக்கழகம் அதுதான். ரஹீம் அங்கேதான் படித்தார். அங்கேதான் கால்பந்தும் ஆடினார்.

நன்றாக ஆடினாரா? ஊர் அளவில் நன்றாக ஆடினார். கல்லூரி அணியில் ஆடினார். பிறகு உள்ளூர் கிளப்புகளில் ஆடினார். அதற்கு மேல் போகவில்லை. இந்தியா என்று பெயர் போட்ட சட்டை அவர் உடம்பில் ஏறியதே இல்லை. கல்கத்தாவில் பெரிய பெரிய கிளப்புகள் இருந்தன. நாட்டின் கால்பந்தே அங்கேதான் இருந்தது என்று சொல்லலாம். அந்தப் பட்டியலிலும் அவர் பெயர் இல்லை. படிப்பு முடிந்ததும் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு உடற்கல்வியும் படித்து, பள்ளிப் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சொல்லிக் கொடுத்தார். நம் பிள்ளைகள் "டிரில் வாத்தியார்" என்று சொல்கிறார்களே, அப்படி ஒருவர்.

அந்த டிரில் வாத்தியார்தான் பிறகு இந்திய நாட்டு அணிக்கே பயிற்சியாளர் ஆனார். இரண்டு முறை தங்கப் பதக்கம் வாங்கிக் கொடுத்தார்.

இங்கே ஒரு கேள்வி வரும். பெரிய ஆட்டம் ஆடாத ஒருவர், பெரிய ஆட்டக்காரர்களுக்கு எப்படிச் சொல்லித் தர முடியும்? நியாயமான கேள்விதான். என் எண்ணத்தைச் சொல்கிறேன். பிறவியிலேயே நன்றாகச் சமைக்கும் ஒரு பாட்டியிடம் "உப்பு எவ்வளவு?" என்று கேட்டுப் பாருங்கள். "கை அளவுக்குப் போடு" என்பார். அவர் கைக்குத் தெரிந்தது அவர் வாய்க்கு வராது. தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டவரைக் கேளுங்கள். எந்த இடத்தில் கருகும், எந்த இடத்தில் குழையும் என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். ரஹீம் இரண்டாவது வகை.

1943இல் அவர் ஹைதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளர் ஆனார். 1950இல் ஹைதராபாத் நகரப் போலீஸ் அணிக்குப் பயிற்சியாளர் ஆனார். அதற்கு இரண்டு ஆண்டு முன்புதான், 1948இல், ஹைதராபாத் இந்தியாவோடு சேர்ந்திருந்தது. அந்தப் போலீஸ் அணியை அவர் என்ன செய்தார் தெரியுமா? பம்பாயில் ரோவர்ஸ் கோப்பை என்று ஒரு பெரிய போட்டி நடக்கும். 1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து அந்தக் கோப்பையை ஹைதராபாத் போலீஸே வென்றது. கல்கத்தாக்காரர்கள் வாயடைத்துப் போனார்கள்.

எப்படி முடிந்தது? அதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கட்டட வேலை செய்கிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள். செங்கல்லை மேல்மாடிக்கு எப்படி ஏற்றுகிறீர்கள்? வரிசையாக நின்று கைமாற்றி விடுகிறீர்கள். வந்த கல் கையில் நிற்பதில்லை. உடனே அடுத்த கைக்குப் போகிறது. நடுவில் ஒருவர் கல்லைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை காட்டினால் என்ன ஆகும்? வரிசையே நின்றுவிடும். மேஸ்திரி சத்தம் போடுவார்.

அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் பலர் அப்படித்தான் வேடிக்கை காட்டினார்கள். பந்து காலுக்கு வந்தால் விட மாட்டார்கள். இவரை ஏமாற்றி, அவரை ஏமாற்றி, வளைத்து வளைத்து ஓட்டிக்கொண்டே போவார்கள். கூட்டம் கைதட்டும். கடைசியில் யாராவது பந்தைப் பறித்துவிடுவார்கள். ரஹீம் இதை மாற்றினார். பந்து வந்ததும் ஒரே தட்டில் அடுத்தவருக்குக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்துவிட்டு நிற்கக் கூடாது. காலியான இடத்துக்கு ஓட வேண்டும். வாயால் மட்டும் இதைச் சொல்லி அவர் விட்டுவிடவில்லை. பந்தை வளைத்து ஓட்டவே கூடாது என்ற விதியோடு தனிப் போட்டிகளே நடத்தினார். அதில் ஆடினால் பாஸ் கொடுத்தே தீர வேண்டும். வேறு வழி கிடையாது.

இன்னொரு போட்டியும் நடத்தினார். அது எனக்கு மிகவும் பிடித்தது. எல்லோருக்கும் ஒரு கால் பழகிய கால், மற்றது பழகாத கால். பெரும்பாலும் வலது காலில்தான் உதைப்போம். இந்தப் போட்டியில் பழகாத காலால் மட்டும்தான் ஆட வேண்டும். நினைத்துப் பாருங்கள். இப்போதுதான் வலது கையால் பெயர் எழுதப் பழகியிருக்கிறோம். "இடது கையால் எழுது" என்றால் எப்படி இருக்கும்? கோணல் மாணலாகத்தான் வரும். முதலில் எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் விடாமல் பழகினால் இரண்டு காலும் பேசும். இரண்டு காலும் பேசுகிற ஆளை எதிரியால் ஒரு பக்கம் ஒதுக்கித் தள்ள முடியாது.

ஆட்களைத் தேடிப் பிடிப்பதிலும் அவர் கெட்டிக்காரர். துளசிதாஸ் பலராம் என்று ஒரு பையன். செகந்திராபாத் பக்கம் அம்முகூடா என்ற ஊர். ஏழைக் குடும்பம். ரஹீம் அவன் ஆட்டத்தைப் பார்த்துவிட்டுப் பயிற்சிக்கு வரச் சொன்னார். ஹைதராபாத் வரை தினமும் வந்து போகக் காசு இல்லை என்றான் பையன். ரஹீம் வாடகைச் சைக்கிளுக்கு என்று நாளைக்கு ஒரு ரூபாய் கொடுத்தார். பள்ளிக்கூட வாத்தியாருக்கு அந்தக் காலத்தில் ஒரு ரூபாய் சின்னக் காசு இல்லை. அந்தப் பையன் 1956, 1960 என்று இரண்டு ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு ஆடினான். இல்லை, ஆடினார் என்று மரியாதையாகச் சொல்ல வேண்டும். நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர் ஆனவர். 2023இல்தான் காலமானார்.

சரி, நாட்டு அணிக்கு வருவோம்.

1951இல் டெல்லியில் முதல் ஆசிய விளையாட்டு நடந்தது. ரஹீம்தான் இந்தியக் கால்பந்து அணியின் பயிற்சியாளர். இறுதி ஆட்டம் ஈரானோடு. மேவாலால் என்ற வீரர் ஒரு கோல் போட்டார். 1-0. இந்தியாவுக்குத் தங்கம். நம் ஆட்கள் பலர் காலில் பூட்ஸ் இல்லாமலே ஆடினார்கள். பாதத்திலும் கணுக்காலிலும் துணிக்கட்டு மட்டும். வெறுங்காலில்தான் பந்து நன்றாகப் பேசும் என்பது அவர்கள் பழக்கம்.

அடுத்த ஆண்டே அடி விழுந்தது. 1952இல் ஒலிம்பிக். உலக நாடுகள் எல்லாம் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை கூடுகிற விளையாட்டுத் திருவிழா அது. ஹெல்சிங்கியில் நடந்தது. பின்லாந்து நாட்டில், குளிர் பிரதேசம். நம் எதிரி யூகோஸ்லாவியா. இப்போது அப்படி ஒரு நாடு இல்லை, பல நாடுகளாகப் பிரிந்துவிட்டது. அன்று அவர்கள் கால்பந்தில் புலிகள். கனத்த பூட்ஸ் போட்ட கால்களுக்கு முன்னால் நம் வெறுங்கால்கள். எத்தனை கோல் வாங்கினோம் தெரியுமா? பத்து. நாம் போட்டது ஒன்று.

10-1. தங்கம் வாங்கித் தந்தவர் என்று நேற்றுப் புகழ்ந்தவர்கள் இன்று என்ன பேசியிருப்பார்கள்? நம் ஊரில் ஒருவர் தோற்றால் என்ன பேசுவோமோ அதைத்தான்.

இதற்குப் பிறகு பூட்ஸ் போட்டுத்தான் ஆட வேண்டும் என்று அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் விதி கொண்டுவந்தது. பழகிய வழியை விடுவது சுலபமா? வெறுங்காலில் பந்து எங்கே படுகிறது என்று தோலுக்குத் தெரியும். பூட்ஸ் போட்டால் மரக்கட்டையால் உதைப்பது போல இருக்கும். முதலில் தட்டுவதில் இருந்து மறுபடி பழக வேண்டும். நாற்பது வயதில் சிலேட்டைப் பிடித்தவர்களுக்கு இது புரியும்.

ரஹீம் வெளிநாட்டு ஆட்டங்களையும் கூர்ந்து கவனித்தார். அப்போது ஹங்கேரி நாட்டு அணி உலகத்தையே வென்றுகொண்டிருந்தது. 1953இல் லண்டனுக்குப் போய் இங்கிலாந்தை 6-3 என்று தோற்கடித்தார்கள். அவர்களுடைய தந்திரம் இதுதான். முன்வரிசையில் நடுவில் ஒருவர் நிற்பார். கோல் போடுவது அவர் வேலை. எதிரணியின் நடுத் தடுப்பாளர் அவரையே பார்த்துக்கொண்டு நிற்பார். ஹங்கேரி அந்த நடு ஆளைப் பின்னால் இழுத்துக்கொண்டது. இப்போது தடுப்பாளருக்குத் திண்டாட்டம். அவர் பின்னால் போனால், காவல் நின்ற இடம் காலியாகிவிடும். நின்ற இடத்திலேயே நின்றால், அந்த ஆள் தன் இஷ்டத்துக்கு ஆடுவார். ரஹீம் இதைப் பிடித்துக்கொண்டார். நம் ஆட்களுக்குத் தகுந்தபடி மாற்றிச் சொல்லிக் கொடுத்தார்.

1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக். ஆஸ்திரேலியாவில் நடந்தது. முதல் ஆட்டம் ஹங்கேரியோடு. ஆனால் ஹங்கேரி விலகிக்கொண்டது. ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போனோம். அடுத்தது ஆஸ்திரேலியா. அவர்கள் சொந்த மண், சொந்தக் கூட்டம். நெவில் டிசோசா என்ற நம் வீரர் மூன்று கோல் போட்டார். ஒலிம்பிக் கால்பந்தில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் போட்ட முதல் ஆசியக்காரர் அவர்தான். நாம் 4-2 என்று வென்றோம். அரையிறுதிக்குப் போனோம். ஒலிம்பிக் கால்பந்தில் அவ்வளவு தூரம் போன முதல் ஆசிய நாடு இந்தியா.

அரையிறுதியில் எதிரி யார்? அதே யூகோஸ்லாவியா. பத்து கோல் போட்டவர்கள். இந்த முறை முதல் பாதியில் அவர்களால் ஒரு கோலும் போட முடியவில்லை. இரண்டாம் பாதியில் முதல் கோல் போட்டதே நாம்தான், மறுபடியும் நெவில். கொஞ்ச நேரம் இந்தியா முன்னால் இருந்தது. பிறகு அவர்கள் சுதாரித்துக்கொண்டு 4-1 என்று வென்றார்கள். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடமும் தோற்றோம். நான்காம் இடம். பதக்கம் இல்லை. ஆனால் 10-1 எங்கே, 4-1 எங்கே! நான்கே ஆண்டுகள்தான் இடைவெளி. என்னைக் கேட்டால் ரஹீமின் பெரிய சாதனை இதுதான் என்பேன். தங்கத்தைத்தான் எல்லோரும் பேசுவார்கள்.

1960இல் ரோம் ஒலிம்பிக். ஹங்கேரியிடம் 2-1 என்று தோல்வி. பிரான்சோடு 1-1 சமம். பெருவிடம் 3-1 தோல்வி. அதோடு திரும்பி வந்தார்கள்.

இனி 1962. ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டு. இந்தோனேசியாவின் தலைநகரம் அது. ரஹீமுக்கு அப்போது 53 வயது. உடம்பு சரியில்லை. இருமல், மூச்சுத் திணறல். சிகரெட் பழக்கம் அவருக்கு அதிகம். விளையாட்டு வாத்தியாருக்கு இந்தப் பழக்கமா என்று கேட்பீர்கள். அந்தக் காலத்தில் பலருக்கும் இருந்தது. அதன் விலையைச் சிறிது நேரத்தில் சொல்கிறேன்.

முதல் ஆட்டமே தோல்வி. தென்கொரியாவிடம் 2-0. அடுத்து தாய்லாந்தை 4-1 என்று வென்றோம். ஆனால் அந்த ஆட்டத்தில் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் காயம். தையல் போட்டார்கள். பஞ்சாபைச் சேர்ந்த சிங் அவர். நம் தற்காப்பின் தூண். அடுத்த ஆட்டத்தில் அவர் இல்லாமலே ஜப்பானை 2-0 என்று வென்றார்கள்.

வெளியே வேறு ஒரு சிக்கல். இஸ்ரேல், தைவான் இரண்டு நாட்டையும் இந்தோனேசியா அழைக்கவில்லை. அப்படியானால் இதை ஆசிய விளையாட்டு என்று எப்படிச் சொல்லலாம் என்று இந்திய விளையாட்டு நிர்வாகி ஒருவர் கேட்டுவிட்டார். ஊரே கொதித்தது. இந்தியத் தூதரகத்தின் மேல் கூட்டம் பாய்ந்தது. வீரர்கள் பஸ்ஸில் போகவே பயந்தார்கள். தலைப்பாகை வெளியே தெரியாமல் இருக்க ஜர்னைல் சிங் பஸ்ஸின் தரையில் உட்கார்ந்து போனார் என்று கூட ஆடியவர்கள் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். ஆடப் போன பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்? ஆனால் கூட்டத்துக்கு அது தெரியாது.

அரையிறுதியில் தென்வியட்நாம். ரஹீம் ஒரு முடிவு எடுத்தார். தலையில் கட்டோடு இருந்த ஜர்னைல் சிங்கை ஆட வைத்தார். ஆனால் தற்காப்பில் இல்லை, முன்வரிசையில்! கோல் தடுப்பவரைக் கோல் போட அனுப்பினார். பார்த்தவர்கள் திகைத்தார்கள். கல்லூரி நாட்களில் ஜர்னைல் முன்வரிசையில் ஆடியவர். அது ரஹீமுக்குத் தெரியும். ஒரு கோல் ஜர்னைல் போட்டார். இரண்டு கோல் கேப்டன் சுனி கோஸ்வாமி போட்டார். 3-2. வெற்றி.

இறுதி ஆட்டம் செப்டம்பர் 4ஆம் தேதி. எதிரி யார்? முதல் ஆட்டத்தில் நம்மைத் தோற்கடித்த அதே தென்கொரியா. முந்தின இரவு ரஹீம் வீரர்களிடம் ஒன்று கேட்டாராம். எனக்கு ஒரு பரிசு வேண்டும், அந்தத் தங்கப் பதக்கம் வேண்டும் என்று. அவர் சத்தம் போடுகிற வாத்தியார் அல்ல. அமைதியாகக் கேட்டார். அவர் உடம்பு அவர்களுக்கும் தெரியும்தானே.

கோல்கீப்பர் விஷயத்திலும் ஒரு கேள்வி இருந்தது. பீட்டர் தங்கராஜ்தான் நம் பெரிய கோல்கீப்பர். பெயரைக் கேட்டாலே தெரிகிறதல்லவா? ஹைதராபாத்தில் பிறந்தவர். நீலகிரியில் வெலிங்டன் என்ற ஊரில் மதராஸ் ரெஜிமென்ட் முகாம் இருக்கிறது. அந்தப் பட்டாளத்து அணியில் ஆடி மேலே வந்தவர். ஆறடிக்கு மேல் உயரம். ஜகார்த்தாவில் அவருக்குக் காய்ச்சல். அவருக்குப் பதில் பிரத்யுத் பர்மன் என்ற இளைஞர் நின்று நன்றாகவே ஆடினார். ஆனால் இறுதி ஆட்டத்துக்கு ரஹீம் தங்கராஜையே நிறுத்தினார். கொரியர்கள் உயரப் பந்து போடுவார்கள், உயரமும் அனுபவமும் வேண்டும் என்று கணக்குப் போட்டார். பர்மனுக்கு மனம் வலித்திருக்கும். பயிற்சியாளர் வேலையில் கஷ்டமான பகுதி இதுதான். தப்புச் செய்யாதவனையும் உட்கார வைக்க வேண்டும்.

மைதானத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர். கூச்சல் முழுவதும் நமக்கு எதிராக. நம் பக்கம் கைதட்டியவர்கள் யார் தெரியுமா? பாகிஸ்தான் ஹாக்கி அணி வீரர்கள். இதையும் நம் வீரர்களே சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் ஹாக்கியில் நம்மைத் தோற்கடித்துத் தங்கம் வாங்கியவர்கள். கால்பந்தில் நமக்காகக் குரல் கொடுத்தார்கள்.

17ஆவது நிமிடம் பி.கே. பானர்ஜி கோல் போட்டார். 20ஆவது நிமிடம் ஜர்னைல் சிங் இரண்டாவது கோல் போட்டார். தையல் போட்ட தலையோடுதான். பிறகு நேரம் முழுவதும் பிடித்து நிற்க வேண்டும். கடைசியில் ஐந்து நிமிடம் இருக்கும்போது கொரியா ஒரு கோல் திருப்பியது. அந்த ஐந்து நிமிடம் எப்படிப் போயிருக்கும்! விசில் ஊதினார்கள். 2-1. தங்கம்.

கேட்ட பரிசு கிடைத்தது. ஆனால் ரஹீமுக்கு அதிக நாள் கிடைக்கவில்லை. அவருக்கு நுரையீரலில் புற்றுநோய். இறுதி ஆட்டம் முடிந்து ஒன்பது மாதம். 1963ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் தேதி காலமானார். பீடி, சிகரெட் வைத்திருக்கும் ஐயாக்கள் பாக்கெட்டைத் தொட்டுப் பார்ப்பது இங்கிருந்தே தெரிகிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

அவருக்குப் பிறகு? 1970இல் பாங்காக்கில் இந்தியா வெண்கலம் வாங்கியது. கேப்டன் சையத் நயீமுதீன், அவரும் ஹைதராபாத்காரர். பி.கே. பானர்ஜி பின்னாளில் பெயர் பெற்ற பயிற்சியாளர் ஆனார். ரஹீமின் மகன் ஹக்கீம் ரோம் ஒலிம்பிக் அணியில் இருந்தவர், பிறகு உலக அளவில் நடுவராகப் பணி செய்தார். ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் 1962க்குப் பிறகு, 2023இல் சீனாவில் நடந்தது வரை, இந்திய ஆண்கள் அணி மறுபடி தங்கம் வாங்கவில்லை. 2024இல் ரஹீமைப் பற்றி 'மைதான்' என்று ஓர் இந்திப் படம் வந்தது. கிடைத்தால் பாருங்கள். சினிமாவுக்காகச் சிலவற்றைச் சேர்த்திருப்பார்கள், அதையும் மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது. கரும்பலகையில் 1909, 1951, 1956, 1962, 1963 என்று ஐந்து ஆண்டுகள் எழுதியிருக்கிறேன். எந்த ஆண்டில் என்ன நடந்தது என்று யாராவது ஒருவர் எழுந்து சொல்லுங்கள். முகம் சுளித்த அம்மா முதலில் சொல்லட்டும்.